தெரியாதுன்னு சொல்லத் தெரிந்த பொட்டிகள்

சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி எட்டு மணி இருக்கும், டிவி பார்த்துக்கிட்டு இருந்த தம்பிக்கு (சித்தப்பா பையன், பன்னெண்டாவது படிக்கிறான்) திடீர்னு வலிப்பு வந்துடுச்சு. அதுவரைக்கும் ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டில் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பாட்டி "கையில இரும்பைக் குடுங்கடா"ன்னு சாவிக்கொத்தைத் தேடினாங்க. பக்கத்து வீட்டு மாமா, நாக்கைக் கடிச்சுக்குவான், பல்லுக்கு நடுவில் ஸ்பூனை வைங்கன்னார். பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் வேற என்ன செய்வான்? நான் போனை எடுத்துக் கூகுளாண்டவரைக் கேட்டேன்.

மேலே ஒரு கட்டம் வந்தது. நாலே வரி. ஒருக்களிச்சுப் படுக்க வை, இறுக்கிப் பிடிக்காதே, வாயில் எதையும் வைக்காதே, அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அப்படியே செஞ்சோம். ரெண்டு ரெண்டரை நிமிஷத்தில் அடங்கிடுச்சு. ஆனா அந்த ரெண்டரை நிமிஷம் ரொம்ப நீளம்.

அடுத்த நாள் உட்கார்ந்து யோசிக்கிறப்பதான் உறைச்சுது. அந்தக் கட்டத்தில் இருந்ததை எழுதினது யார்னு நான் பார்க்கவே இல்லை. பக்கத்தைத் திறக்கவும் இல்லை. சரியா இருந்துச்சு, தப்பிச்சோம். 2021 அக்டோபரில் இதே வலிப்பு விஷயத்தில் கூகுளின் இதே கட்டம் என்ன சொல்லுச்சுன்னு பிறகு படிச்சேன். இறுக்கிப் பிடி, வாயில் எதையாவது வை, இந்த ரீதியில் ஒரு பட்டியல். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவப் பக்கத்தில் இருந்து எடுத்தது. பக்கத்தில் எழுதியிருந்தது முழுக்கச் சரி. அங்கே அந்தப் பட்டியல் "செய்யக் கூடாதவை" என்கிற வகையில் இருந்தது. பொட்டி பட்டியலை எடுத்துக்கிட்டு "கூடாது" என்பதை விட்டுட்டு வந்துடுச்சு. யாரோ ஒருத்தர் ட்விட்டரில் படம் பிடிச்சுப் போட்டு, அது பரவி, அப்புறம் நீக்கினாங்க.

தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லும் பொட்டிகளின் சரித்திரத்தைக் கொஞ்ச நாளாய்ப் படிச்சேன். ஆரம்ப காலத்துப் பொட்டிகளுக்குத் "தெரியாது"ன்னு சொல்ல நல்லாவே தெரிஞ்சிருந்தது. வழியில் எங்கேயோ மறந்துடுச்சு.

1961-க்குப் போவோம். எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம். பெர்ட் கிரீன், ஆலிஸ் உல்ஃப், கரோல் சாம்ஸ்கி, கென்னத் லாஃப்ரி என்று நாலு பேர் சேர்ந்து ஒரு நிரல் எழுதினாங்க. (கரோல், நோம் சாம்ஸ்கியின் மனைவி; அவரும் மொழியியல் ஆள்தான். வீட்டில் என்ன பேசிக்குவாங்களோ!) நிரலின் பெயர் பேஸ்பால். பெயருக்கேற்ற மாதிரி அதுக்குத் தெரிஞ்சது அமெரிக்கன் லீக் பேஸ்பால் போட்டிகள் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு வருஷத்தோடது. எந்த மாசம், எந்தத் தேதி, எந்த ஊர், எந்த ரெண்டு அணி, யாருக்கு எத்தனை ஓட்டம். அவ்வளவுதான் தரவு. சாதாரண ஆங்கிலத்தில் கேள்வியை அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்கணும். ஜூலை மாசம் ஒவ்வொரு அணியும் எங்கெங்கே ஆடியதுன்னு கேட்டா பட்டியல் வரும்.

உள்ளே அது செஞ்ச வேலை இன்னிக்குப் படிச்சாலும் அழகா இருக்கு. கேள்வியை உடைச்சு ஒரு படிவம் மாதிரி ஆக்கிக்கும். மாதம் = ஜூலை, அணி = ஒவ்வொன்றும், இடம் = ? அந்தக் கேள்விக்குறி இருக்கிற வரிக்குத் தரவில் இருந்து பொருத்தமானதைத் தேடி நிரப்பும். நாம இப்ப டேட்டாபேஸில் செலக்ட் போடுறோமே, அதுக்குத் தாத்தா.

எதெல்லாம் கேட்கக் கூடாதுன்னும் அவங்களே எழுதி வெச்சுட்டாங்க. "மற்றும்", "அல்லது" போட்டு ரெண்டு கேள்வியைக் கோர்க்கக் கூடாது. "மிக அதிகம்", "உச்சம்" மாதிரி ஒப்பிடும் சொற்கள் கூடாது. ஒரே ஒரு வாக்கியம், ஒரே ஒரு விஷயம். இன்னிக்கு இப்படி ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டு வந்தா மேனேஜர் சிரிப்பார். ஆனா அந்த வேலிக்குள்ளே அது சொன்னது எல்லாம் தரவில் இருந்த பதில். வேலிக்கு வெளியே ஒரு வார்த்தைகூடப் பேசலை.

பத்து வருஷம் கழிச்சு லூனார் வந்தது. பி.பி.என். நிறுவனத்தில் வில்லியம் உட்ஸ் குழு எழுதியது. அப்பல்லோ 11 நிலாவில் இருந்து அள்ளிட்டு வந்த கல், மண்ணுடைய வேதியியல் ஆய்வு விவரம்தான் அதன் சரக்கு. காரம் அதிகமுள்ள பாறைகளில் அலுமினியம் சராசரியா எவ்வளவுன்னு நிலவியல் ஆட்கள் ஆங்கிலத்தில் கேட்கலாம். 1971-ல் ஹூஸ்டனில் நடந்த நிலா ஆய்வு மாநாட்டில் வெச்சுக் காட்டினாங்க. முன்பின் பழக்கமில்லாத விஞ்ஞானிகள் வந்து கேட்ட 111 கேள்விகளில் 78 சதவீதத்துக்குச் சரியான பதில். சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தினால் 90 சதவீதம் ஆகியிருக்கும்னு அவங்களே கணக்கு கொடுத்தாங்க. மிச்சம் பத்து சதவீதம் கேள்வி அதுக்குப் புரியலை. அந்த எண்ணையும் மறைக்காம போட்டிருந்தாங்க.

வலைக்கு வந்த முதல் கேள்வி பதில் பொட்டி எம்.ஐ.டி.யின் ஸ்டார்ட். போரிஸ் காட்ஸ் எழுதியது. 1993 டிசம்பர்லயே இணையத்தில் ஏத்திட்டாங்க. கூகுள் பிறக்க இன்னும் அஞ்சு வருஷம் இருந்தது. அது வாக்கியங்களை எழுவாய், உறவு, செயப்படுபொருள்னு மூணாப் பிரிச்சு வெச்சுக்கும். கேள்வியையும் அப்படியே பிரிச்சுப் பொருத்திப் பார்க்கும். பொருந்தலைன்னா, மன்னிக்கணும், எனக்குத் தெரியாதுன்னு பணிவாச் சொல்லும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பொட்டி. ஆனா அதைக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்?

இதுவரைக்கும் பார்த்த மூணுக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு. மூணுக்குமே தனக்கு என்னென்ன தெரியும் என்கிற எல்லை தெரியும். ரோ இருக்கா? பதில். ரோ இல்லையா? இல்லைன்னு பதில். நம்ம ஆபீஸ் பாஷையில் நல் திருப்பி அனுப்புறது. அதை யாரும் அவமானமா நினைக்கலை.

1995 டிசம்பரில் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்டாவிஸ்டா வந்ததும் ஆட்டமே மாறிடுச்சு. அது கேள்விக்குப் பதில் சொல்லும் பொட்டியே இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களில் ஒவ்வொரு சொல்லும் எங்கே இருக்குன்னு அட்டவணை போட்டு வெச்சுக்கிட்டு, நீ கேட்ட சொல் இந்தப் பக்கங்களில் இருக்கு, போய்ப் பார்த்துக்கோன்னு விட்டுடும். கூட்டல் குறி, மேற்கோள் குறி எல்லாம் போட்டு அதுகூட மல்லுக்கட்டணும். 1998-ல் வந்த கூகுள், யார் யாரைச் சுட்டுறாங்கன்னு பார்த்து அந்தப் பட்டியலை நல்லா வரிசைப்படுத்திக் கொடுத்தது. அடிப்படை அதேதான்: பட்டியல்.

பட்டியலை நாம ரொம்பக் குறைச்சு மதிப்பிட்டுட்டோம்னு எனக்குத் தோணுது. பத்து நீல வரிகள்னு கிண்டல் பண்ணினோம். ஆனா பட்டியல் பொய் சொல்லாது. "இதுதான் பதில்"னு அது எப்பவுமே சொன்னதில்லை. "இதுங்கள்ல இருக்கலாம், பார்த்துக்கோ" என்பதுதான் அதன் தொனி. நம்புறதும் நம்பாததும் நம்ம பொறுப்பு.

இதில் ஒரு சின்ன இடறல் உண்டு, தமிழ்க்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது. அந்தக் காலத்தில் நம்ம பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வெச்சிருந்தாங்க. டிஸ்கி, டாப், டாம், அது போக அவங்கவங்க சொந்த எழுத்துரு. கண்ணுக்குத் தமிழாத் தெரியும். தேடுபொறியின் கண்ணுக்கு அது ஏதோ கிறுக்கலான லத்தீன் எழுத்து. யுனிகோடில் தேடினால் ஒண்ணும் வராது. பக்கம் பக்கமாச் செய்தி இருக்கும், தேடுபொறி "பொருத்தம் எதுவும் இல்லை"ன்னு கையை விரிக்கும். அது சொல்ல வேண்டியது "எனக்குத் தெரியலை". சொன்னதோ "இல்லை". ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்! தேடிப் பார்த்தேன், தமிழில் அதைப் பத்தி யாருமே எழுதலைன்னு எத்தனை பேர் நம்பினாங்களோ.

சரி, பட்டியலோடு மனுஷனுக்குத் திருப்தி வருமா? வராது. கேட்டா பதில் வேணும். அங்கேதான் ஜீவ்ஸ் வர்றார். காரெட் க்ரூனர், டேவிட் வார்தன் ரெண்டு பேரும் 1996-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆரம்பிச்ச ஆஸ்க் ஜீவ்ஸ், 1997-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. வுட்ஹவுஸ் கதைகளில் எதைக் கேட்டாலும் பதில் வெச்சிருக்கும் வேலைக்காரர் பெயர் ஜீவ்ஸ். கோட்டு சூட்டோடு அவர் படம் முகப்பில் நிக்கும். முழு வாக்கியமா ஆங்கிலத்தில் கேளுங்கன்னு சொன்னாங்க.

உள்ளே நடந்தது வேற. மக்கள் அடிக்கடி என்ன கேட்கிறாங்கன்னு பார்த்து, அந்தக் கேள்விகளுக்கு வார்ப்பு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பொருத்தமான பக்கத்தைக் கையால தேடி ஒட்டி வைக்க ஆசிரியர் குழு இருந்தது. நாம கேட்டதும் ஜீவ்ஸ் என்ன செய்வார்? திருப்பி நம்மையே கேட்பார்: நீங்க கேட்க வந்தது இதுவா, இல்லை இதுவா? நாம ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா அந்தப் பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போவார். கொஞ்சம் கிண்டலா இருக்கும், ஆனா அது நாணயமான ஏற்பாடு. நீ கேட்டது எனக்குச் சரியாப் புரியலைன்னு ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கிட்டார். என்ன, மனுஷங்களை வெச்சு ஒட்டினா எத்தனை கேள்விக்குத்தான் ஒட்ட முடியும்? 1999 ஜூலையில் 14 டாலருக்குப் பங்கு வெளியிட்டாங்க, முதல் நாள் முடிவில் 65 டாலருக்குப் பக்கத்தில் போச்சு. அப்புறம் டாட்காம் குமிழி உடைஞ்சது. 2001-ல் டியோமா என்ற தேடுபொறியை வாங்கி அவங்களும் பட்டியல் பக்கம் சாய்ஞ்சாங்க. 2005-ல் ஐ.ஏ.சி. நிறுவனம் 185 கோடி டாலருக்கு வாங்கியது, 2006-ல் ஜீவ்ஸுக்கு ஓய்வு கொடுத்தாச்சு, 2010-ல் சொந்தத் தேடுபொறியையே இழுத்து மூடிட்டாங்க.

மனுஷங்களை வெச்சுப் பதில் சொல்ல கூகுளும் முயற்சி பண்ணியிருக்கு. 2002-ல் கூகுள் ஆன்சர்ஸ். கேட்கிறவர் 2 டாலரில் இருந்து 200 டாலர் வரைக்கும் விலை வைக்கலாம், பட்டியலிட 50 சென்ட் தனி. தேர்வு செஞ்ச 500-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இருந்தாங்க. பதில் சொன்னவருக்கு முக்கால் பங்கு. பதில்களில் சிலது சின்ன ஆய்வுக் கட்டுரை கணக்கா இருக்கும். எனக்குப் பிடிச்ச அம்சம் என்னன்னா, யாருக்கும் பதில் தெரியலைன்னா கேள்வி அப்படியே நிக்கும். ஒரு மாசம் கழிச்சுக் காலாவதி ஆயிடும். பதில் இல்லாத கேள்வி, பதில் இல்லாத கேள்வியாகவே எல்லார் கண்ணுக்கும் தெரியும். 2006 கடைசியில் நிறுத்திட்டாங்க.

அதுக்கு நேர் எதிர், 2005 டிசம்பரில் வந்த யாஹூ ஆன்சர்ஸ். காசு கிடையாது, புள்ளிதான். பதில் சொன்னா ரெண்டு புள்ளி, சிறந்த பதிலுக்குப் பத்து. தப்பாச் சொன்னாலும் அந்த ரெண்டு உண்டு. சும்மா இருந்தா சைபர். விளைவு என்ன ஆகும்னு சொல்லணுமா? 2021 மே மாசம் மூடுற வரைக்கும் இணையத்தின் மொத்த உளறலுக்கும் அதுதான் தலைநகரம். இந்த ரெண்டு புள்ளி விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இதே சமயத்தில் ஆராய்ச்சிக்காரங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு டிரெக்னு வருஷா வருஷம் ஒரு தேடல் போட்டி நடத்தும். 1999-ல் அதில் கேள்வி பதிலுக்குத் தனிப் பிரிவு வெச்சாங்க. அஞ்சு லட்சத்துக்கும் மேல் செய்தித்தாள் கட்டுரைகள், 200 கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு துண்டு வரைக்கும் கொடுக்கலாம். முதல் வருஷமே நல்ல நிரல்கள் மூணில் ரெண்டு பங்குக்குச் சரியான பதிலைத் தொட்டுடுச்சு. ஆனா ஒரு சலுகை இருந்தது. எல்லாக் கேள்விக்கும் எங்கேயோ பதில் இருக்குன்னு உத்தரவாதம். அதனால எதையாவது கொடுத்து வைக்கிறதில் நஷ்டமே இல்லை.

2001-ல் அந்தச் சலுகையைப் பிடுங்கினாங்க. 500 கேள்வியில் சுமார் 50-க்குக் கட்டுரைகளில் பதிலே கிடையாது. அதுக்கு "நில்"னு சொன்னாத்தான் மார்க். 2002-ல் இன்னும் ஒரு படி மேலே போய், கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான், எல்லாப் பதிலையும் எது உறுதி, எது சந்தேகம்னு நீயே வரிசைப்படுத்தித் தரணும்னாங்க. உறுதின்னு மேலே வெச்சது தப்பாப் போனா அடி பலமா விழும். ஒரு பரீட்சையில் இதை விட நியாயமா மார்க் போட முடியும்னு எனக்குத் தோணலை. இருபது வருஷத்துக்கும் முன்னாடியே இதைச் செஞ்சு வெச்சிருக்காங்க என்பதுதான் ஆச்சரியம்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்ச பிள்ளைதான் ஐ.பி.எம்.மின் வாட்சன். அந்தக் குழுவில் இருந்த சிலர் டிரெக்கில் பழம் தின்னு கொட்டை போட்டவங்க. 2011 பிப்ரவரியில் ஜெப்பர்டி என்ற அமெரிக்க டிவி வினாடி வினாவில் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர்னு ரெண்டு ஜாம்பவான்களை வீழ்த்தியது. அந்த விளையாட்டில் தப்பாச் சொன்னா காசு போகும். அதனால வாட்சன் ஒவ்வொரு பதிலுக்கும் தன் நம்பிக்கை எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, போதுமான அளவு இருந்தாத்தான் பொத்தானை அமுக்கும். இல்லைன்னா வாயை மூடிக்கும். கடைசிச் சுற்றில் மட்டும் சும்மா இருக்க முடியாது, ஏதாவது எழுதியே ஆகணும். ரெண்டாம் நாள் அந்தச் சுற்றில் அமெரிக்க நகரங்கள் பத்தின கேள்வி: பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரரின் பெயர், அடுத்ததுக்கு அந்தப் போரின் ஒரு சண்டையின் பெயர். விடை சிகாகோ. வாட்சன் எழுதியது டொராண்டோ. கனடா ஊர்! ஊரே சிரிச்சது.

ஆனா திரையில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் அஞ்சு கேள்விக்குறி இருந்தது. அது பந்தயம் கட்டியது வெறும் 947 டாலர், கையில் பல ஆயிரம் வெச்சுக்கிட்டு. தெரியலை, எழுதச் சொல்றீங்க, எழுதறேன், ஆனா நம்பாதீங்கன்னு சொல்ல இதை விட நல்ல வழி ஒரு பொட்டிக்கு இருக்கா? சிரிச்ச யாரும் அந்தக் கேள்விக்குறிகளைக் கவனிச்ச மாதிரி தெரியலை. எனக்கு வாட்சன் மேல மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

2009 மே மாசம் வந்த வுல்ஃப்ராம் ஆல்ஃபாவுக்கும் இதே கதி. சரிபார்த்த தரவை வெச்சுக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். புரியலைன்னா, நீங்க கொடுத்ததை என்ன செய்யறதுன்னு எனக்கு உறுதியாத் தெரியலைன்னு சொல்லும். வந்த புதுசில் அந்த வரியை வெச்சுக் கலாய்ச்சவங்கதான் அதிகம். என்னத்தைக் கேட்டாலும் தெரியலைங்குது, இதுக்குக் கூகுளே தேவலைன்னாங்க.

கூகுள் 2012 மே மாசம் நாலெட்ஜ் கிராஃப் கொண்டு வந்தது. 50 கோடி பொருள்கள், 350 கோடிக்கும் மேலான தகவல்கள். ஊர், ஆள், படம்னு தேடினா வலது பக்கம் ஒரு பெட்டி. இதுவும் பேஸ்பால் மாதிரிதான், ரோ இருந்தா பெட்டி வரும், இல்லைன்னா வராது. பெட்டி வராமல் இருப்பதே ஒரு விதத்தில் "தெரியாது". அதுவரைக்கும் பரவாயில்லை.

2014 வாக்கில் பட்டியலுக்கும் மேலே அந்தக் கட்டம் வர ஆரம்பிச்சது. இது வேற ஜாதி. தரவில் இருந்து வருவதில்லை, ஏதோ ஒரு பக்கத்தில் இருந்து நாலு வரியை வெட்டி எடுத்துப் பெரிய எழுத்தில் மேலே வைக்கிறது. தலைப்பு ஒரு டேக்கில் இருக்கும், பட்டியல் இன்னொரு டேக்கில் இருக்கும். தலைப்பு போயிட்டா "கூடாது" போயிடும். பட்டியலில் முதலாவதா இருந்தவரைக்கும் அது ஒரு சிபாரிசு. கட்டத்துக்குள் ஏறினதும் அது தீர்ப்பு. ரோமானியர்கள் ராத்திரியில் எப்படி நேரம் பார்த்தாங்கன்னு கேட்டால் சூரியக் கடிகாரம்னு சொல்லியிருக்கு இந்தக் கட்டம். ராத்திரியில்! 2018 ஜனவரியில் கூகுளே எழுதி ஒத்துக்கிட்ட உதாரணம் இது. ஆபிரகாம் லிங்கனை ஸ்னூப்பி எப்போது கொன்றது? ஸ்னூப்பி கார்ட்டூன் நாய். கேள்வியே தப்பு. ஆனா கட்டம் லிங்கன் சுடப்பட்ட தேதியைக் கரெக்டா எடுத்துக் கொடுத்துடும். இந்த மாதிரி அடிப்படையே தப்பான கேள்விகளுக்குக் கட்டம் வருவதை 40 சதவீதம் குறைச்சிருக்கோம்னு 2022 ஆகஸ்டில் சொன்னாங்க. அதாவது, சும்மா இருக்கக் கத்துக் கொடுத்திருக்கோம்னு அர்த்தம். 1961-ல் இருந்த வித்தை.

யார் பெரியவன்னு ஒப்பிட்டவங்களும் இதில் கூட்டுக் களவாணிதான். பேசும் ஸ்பீக்கர்கள் வந்த காலத்தில் லூப் வென்சர்ஸ் என்ற நிறுவனம் அடிக்கடி ஒரு பரீட்சை வைக்கும். 800 கேள்வி. 2018 டிசம்பரில் கூகுள் 88 சதவீதம், சிரி 75, அலெக்ஸா 73, கோர்ட்டானா 63. கேள்வி புரிஞ்சுதா, பதில் சரியா, இந்த ரெண்டுதான் அளவுகோல். தப்பாச் சொன்னதுக்கும் சைபர், தெரியாதுன்னு சொன்னதுக்கும் சைபர். எல்லாப் பத்திரிகையும் அந்த எண்ணை எடுத்துப் போட்டாங்க. தப்பான 12 சதவீதத்தில் எத்தனை உளறல், எத்தனை மௌனம்னு யாரும் கேட்கலை. சமையலறையில் நின்னு கேட்கிறவங்களுக்கு அதுதானே முக்கியம்? ஸ்பீக்கரில் அடுத்த ஒன்பது வரியைப் பார்க்க வழியும் கிடையாது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. 2023 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் கூகுளும் மைக்ரோசாஃப்டும் களத்தில் குதிச்சாங்க. கூகுளின் பார்ட் விளம்பரத்திலேயே தப்பு. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு கோளை முதன்முதலாப் படம் பிடிச்சது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கின்னு சொல்லுச்சு. நிஜத்தில் அது 2004-ல் சிலியில் இருக்கும் வி.எல்.டி. தொலைநோக்கி எடுத்தது. அன்னிக்கு ஒரு நாளில் ஆல்ஃபபெட்டின் சந்தை மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் சரிஞ்சது. மைக்ரோசாஃப்டின் பிங் காட்டிய செயல்விளக்கத்தில் கேப் துணிக்கடை நிறுவனத்தின் நிதிக் கணக்கையே மாத்திச் சொல்லியிருந்தது. அது சில நாள் கழிச்சுத்தான் வெளியே வந்தது, அதனால தப்பிச்சாங்க. 2024 மே மாசம் கூகுளின் ஏஐ ஓவர்வியூ, தினம் ஒரு சின்னக் கல் சாப்பிடுங்கன்னு சொன்னது. கிண்டல் பத்திரிகை ஒன்றில் வந்த நையாண்டிக் கட்டுரைதான் ஆதாரம். பீட்சாவில் சீஸ் வழுக்காம இருக்கக் கோந்து போடச் சொன்னதும் அதே வாரம். எத்தனை கல் சாப்பிடலாம்னு இதுக்கு முன்னாடி யாருமே கேட்டதில்லை, அந்த விஷயத்தில் எழுத்தே கிடையாது, அதான் இப்படின்னு கூகுள் விளக்கம் கொடுத்தது. எழுத்தே இல்லைன்னா என்ன சொல்லணும்? டிரெக் 2001-ல் மார்க் கொடுத்தாங்களே, அதைத்தான்.

ஆனா இந்தப் புதுப் பொட்டிகளைச் சும்மா திட்டிப் பிரயோசனமில்லை. அதுங்களோட கட்டுமானம் அப்படி. டேட்டாபேஸில் கேட்டா சைபர் ரோன்னு ஒரு நிலை உண்டு. மொழி மாதிரியில் அது கிடையாது. அடுத்து என்ன சொல் வரும்னு எப்பவும் ஏதாவது ஒரு நிகழ்தகவு இருந்துக்கிட்டே இருக்கும். தெரிஞ்சதையும் தெரியாததையும் ஒரே குரலில், ஒரே நடையில் சொல்லும். 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ஆட்களே இதைப் பத்தி ஒரு ஆய்வுத்தாள் போட்டாங்க. இந்த மாதிரிகள் ஏன் கதை விடுதுன்னா, நாம வைக்கிற பரீட்சைகள் அப்படி. சரின்னா ஒரு மார்க், தப்புன்னா சைபர், தெரியாதுன்னாலும் சைபர். அப்ப எவன் தெரியாதும்பான்? யாஹூவின் ரெண்டு புள்ளி ஞாபகம் வருதா?

எனக்கு எங்க காலேஜ் ஞாபகம் வந்தது. பதினாறு மார்க் கேள்விக்கு ஒரு எழவும் தெரியாது. வெளியே வந்து சொன்னா சீனியர் திட்டுவான்: "பேப்பரைக் காலியா விட்டியா? லூசாடா நீ? தெரிஞ்ச படத்தை வரைஞ்சு நாலு பக்கம் ரொப்பு, திருத்துறவர் பார்த்து அஞ்சாறு மார்க் போடுவார்." போட்டாங்க. நானே வாங்கியிருக்கேன். நாலு வருஷம் இப்படி ரொப்பிப் பழகின எங்களை மாதிரி ஆளுங்க செஞ்ச பொட்டி வேற எப்படி இருக்கும்? (எம்பெடட் சிஸ்டம்ஸ் பேப்பரில் நான் எழுதினதை யாராவது நம்பி ஒரு பொருள் செஞ்சிருந்தா... வேணாம், விடுங்க.)

தம்பியை மறுநாள் காலையில் நரம்பு மருத்துவரிடம் கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன் பார்த்தார், நாங்க எத்தனை நிமிஷம், எந்தக் கை முதலில் இழுத்ததுன்னு நிறையக் கேட்டார். ஸ்பூன் வைக்காதது நல்லதுன்னார். ஏன் வந்துச்சு டாக்டர்னு சித்தப்பா கேட்டதுக்கு, "இப்போதைக்குத் தெரியலைங்க. ஈஈஜி எடுத்துப் பார்ப்போம். அதுலயும் தெரியாமப் போகலாம்"னார்.

சித்தப்பாவுக்கு முகமே இல்லை. ஆட்டோவில் வரும்போது, என்னய்யா இவ்வளவு பீஸ் வாங்கிட்டுத் தெரியலைங்கறார், வேற நல்ல டாக்டரா விசாரிக்கணும்னார். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார். மூணு செகண்டில் பத்துக் காரணம் வந்தது, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி விளக்கத்தோடு. அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஈஈஜி நார்மல்னு வந்திருக்கு. ஆறு மாசம் பார்க்கலாம்னு அதே டாக்டர் சொல்லியிருக்கார். பாட்டி தம்பி தலைமாட்டில் சாவிக்கொத்தை வெச்சிருக்காங்க, யாரும் எடுக்கச் சொல்லலை.